டிசம்பரில் வருவதாகச் சொன்ன நாற்பது பேர்

வெம்பிளி ஈலிங் ரோட்டில், ஒரு சேலைக்கடைக்கு மேலே இருந்த சின்ன அறையில் பதினான்கு வருடம் பயண முகவர் நிலையம் நடத்தியவள் பெர்னடெற். கொழும்புக்கும் சென்னைக்கும் டிக்கெட் போட்டுக்கொடுக்க அந்தத் தெருவில் வேறு நாலு பேர் இருந்தார்கள். தாய்லாந்து என்றால் பெர்னடெற்தான். எந்த மாதம் மழை, எந்தக் கடற்கரையில் முழங்கால் வலிக்காரர் இறங்கி நடக்கலாம், எங்கே சோற்றுக்குள் மீன் சோஸ் ஊற்றாமல் தருவார்கள் என்பதெல்லாம் அவளுக்கு விரல் நுனியில் இருந்தது.

தாய்லாந்தில் இவ்வளவு பழக்கம் எப்படி வந்தது என்று யாராவது கேட்டால், ஒருமுறை விடுமுறைக்குப் போனதாகவும் பிடித்துப்போனதாகவும் சொல்வாள். உண்மை வேறு. தொண்ணூற்றொன்றில் யாழ்ப்பாணம் குருநகரிலிருந்து லண்டனுக்கென்று புறப்பட்டவளை, காசு வாங்கிக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் பாங்கொக்கில் இறக்கிவிட்டு மாயமாகிவிட்டான். ஓர் அறையில் ஆறு பெண்கள், ஏழு மாதம். சந்தையில் பேரம் பேசுகிற அளவுக்குத் தாய்லாந்து மொழி வந்தது அங்கேதான். கணவர் கணேசலிங்கத்தைத் தவிர லண்டனில் ஒருவருக்கும் அவள் இதைச் சொன்னதில்லை. தான் இளைத்துப்போய் நின்ற இடத்தை மற்றவர்கள் எட்டிப் பார்ப்பதை அவளால் தாங்க முடியாது. குணம் அப்படி.

புக்கெட் தீவின் தெற்குப் பக்கம், ராவாய் கடற்கரைக்குக் கிட்ட, பிம் என்ற பெண் பன்னிரண்டு அறைகளோடு ஒரு விருந்தினர் இல்லம் நடத்திவந்தாள். பெற்றோர் விட்டுப்போன வீடு அது. அதில் பாதி அவளுடையது, மற்றப் பாதி அண்ணனுடையது. பெர்னடெற் அனுப்புகிறவர்களில் பெரும்பாலோர் ஓய்வுபெற்றவர்கள், வெள்ளிக்கிழமை மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் தொடாதவர்கள். அவர்களுக்கென்று பிம் இரண்டு சட்டியும் ஒரு தாச்சியும் புதிதாக வாங்கி, அவற்றில் வேறெதுவும் சமைக்காமல் தனித் தட்டில் கவிழ்த்து வைத்திருந்தாள். பனிக்காலம் தொடங்கினால் வெம்பிளியிலிருந்தும் சட்டனிலிருந்தும் இரண்டு மூன்று குழு அங்கே போய்விடும். பிம்மும் பெர்னடெற்றும் உடைந்த ஆங்கிலமும் உடைந்த தாய்லாந்து மொழியும் கலந்து பேசுவார்கள். பிம் அவளை ‘சிஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவாள்.

இரண்டாயிரத்து இருபதில் கொரோனா வந்து எல்லாவற்றையும் நிறுத்தியது. ஓகஸ்ட் மாதம் பெர்னடெற் அறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். வாடிக்கையாளர்களிடம், எல்லாரும் வீட்டிலிருந்து வேலை செய்கிறார்கள், தானும் அப்படித்தான் என்றாள். அலுவலகச் சுவரில் தொங்கிய பெரிய தாய்லாந்துப் படத்தைக் கொண்டுவந்து படுக்கையறைச் சுவரில் மாட்டினாள். வீடியோ அழைப்பு வந்தால் அதற்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்காருவாள். பார்ப்பவர்களுக்கு அலுவலகம் மாதிரியே இருக்கும்.

கணேசலிங்கம் பஸ் ஓட்டுநர். கொரோனாக் காலத்திலும் ஒரு நாள் விடாமல் ஓட்டினார். அவருடைய சம்பளம் மட்டும் போதாமல் போனபோது பெர்னடெற் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் அலமாரிக்குச் சாமான் அடுக்கும் வேலைக்குப் போனாள். வெம்பிளியிலேயே எத்தனையோ கடை இருந்தும், இரண்டு பஸ் மாறி வொட்போர்ட்டில் இருந்த கடைக்குப் போனாள். அங்கே தெரிந்த முகம் வராது என்பது கணக்கு. யாராவது தமிழ் பேசும் சத்தம் கேட்டால் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விடுவாள்.

அடுத்த வருடம் ஜூலையில், தடுப்பூசி போட்டவர்கள் வரலாம் என்று தாய்லாந்து முதன்முதலில் புக்கெட்டை மட்டும் திறந்தது. பெர்னடெற் தன் வட்ஸ்அப் குழுவில், டிசம்பருக்கு யார் யார் ஆயத்தம் என்று எழுதிப் போட்டாள். ஒன்பது பேர் பதில் போட்டார்கள். எல்லாம் ஒரே பதில்தான்: “ஓம், பாப்பம்.” யாழ்ப்பாணத்து ஆள் ‘பாப்பம்’ என்று சொன்னால் அதில் எவ்வளவு ‘இல்லை’ இருக்கிறது என்று பெர்னடெற்றுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

அந்த மாதக் கடைசியில் ஒரு மத்தியானம், அவள் வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பிம்மின் அழைப்பு வந்தது. பெர்னடெற் சூப்பர் மார்க்கெட் காற்சட்டையோடே, மேலே மட்டும் ஒரு கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு படத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

பிம்முடைய முகம் வற்றிப்போயிருந்தது. பாங்கொக்கிலிருந்து ஒருவன் வீட்டை வாங்கக் கேட்டிருக்கிறான் என்றாள். வெள்ளிக்கிழமை பதில் சொல்ல வேண்டும். அண்ணன் விற்றுவிடச் சொல்கிறான். தனக்கு மனமில்லை. தீவைத் திறந்துவிட்டார்கள், ஆனால் கடற்கரை இன்னும் வெறுமையாகத்தான் கிடக்கிறது.

“சிஸ்டர், உங்கள் ஆட்களை உங்களுக்குத் தெரியும். உண்மையைச் சொல்லுங்கள். அவர்கள் வருவார்களா?”

பெர்னடெற் அந்தக் கணத்தைப் பிற்பாடு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறாள். தெரியாது என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஆனால் மடியில் கடையின் பெயர் போட்ட அட்டை கிடந்தது. காலையில் அவளைவிட முப்பது வயது இளைய மேற்பார்வையாளன், பால் போத்தல்களைத் தேதி பார்த்து அடுக்கத் தெரியாதா என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டிருந்தான். இங்கே ஒருத்தி அவளைப் பெரிய ஆளாக எண்ணி ஒரு தீர்ப்புக் கேட்கிறாள். அந்த இருக்கையை விட்டு இறங்க அவளுக்கு மனம் வரவில்லை.

வருவார்கள் என்றாள். அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை.

“டிசம்பருக்கு நாற்பது பேர் என்னிடம் பெயர் தந்திருக்கிறார்கள்.”

பிம் இரண்டு கைகளையும் குவித்து நெற்றிக்குக் கொண்டுபோனாள். வெள்ளிக்கிழமை அவள் வீட்டை விற்கவில்லை.

ஓகஸ்ட் முடிவில் பிரித்தானியா தாய்லாந்தைச் சிவப்புப் பட்டியலில் போட்டது. போய் வருகிறவர்கள் பத்து நாள் ஹோட்டலில் அடைபட வேண்டும் என்றார்கள். இது கொஞ்ச நாளைக்குத்தான் என்று பெர்னடெற் பிம்முக்கு எழுதினாள். சொன்னபடியே ஒக்டோபரில் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். நவம்பரில் தாய்லாந்து முழுவதும் திறந்தது. அவளுடைய ஆட்கள் டிக்கெட் கேட்கத் தொடங்கினார்கள், கேட்டதெல்லாம் கொழும்புக்கு. அம்மாவை இரண்டு வருடமாகப் பார்க்கவில்லை, அப்பா செத்து அந்தியேட்டிச் சடங்குக்குக்கூடப் போகவில்லை என்றார்கள். அடைபட்டுக் கிடந்தவர்கள் கதவு திறந்ததும் முதலில் ஓடுவது வீட்டுக்குத்தான் என்பது, பதினான்கு வருடம் இதே தொழிலில் இருந்தவளுக்குத் தெரியாமல் போனதா என்ன. அந்த டிக்கெட்டுகளை எல்லாம் அவளேதான் போட்டுக்கொடுத்தாள்.

பிம்மிடமிருந்து படங்கள் வந்தன. அறைகளுக்கு வெளிர்நீல வர்ணம் அடித்திருந்தாள். வாசலில் புதுப் பாய்கள். கவிழ்த்து வைத்த சட்டிகள். நாற்பது பேரும் எந்தத் தேதியில் வருகிறார்கள், எத்தனை பேர் சைவம், யாருக்குக் கீழ்மாடி வேண்டும் என்று கேட்டிருந்தாள். பெர்னடெற் பார்த்தாள். பார்த்தது தெரியாமலிருக்க, நீல அடையாளம் விழாதபடி தொலைபேசியில் மாற்றிவைத்தாள். டிசம்பரில் ஒமிக்ரோன் வந்து, தாய்லாந்து மறுபடி பாதிக் கதவைச் சாத்தியபோது அவளுக்கு வந்தது நிம்மதி. இனிப் பழியைப் போட ஒன்று இருக்கிறது. அந்த நிம்மதியை அவள் தனக்குத்தானே ஒத்துக்கொள்ள நெடுநாள் சென்றது.

ஆனால் அந்தப் பழியைக்கூட அவள் எழுதி அனுப்பவில்லை. பிம்மின் செய்திகள் ஜனவரியிலும் வந்தன, பெப்ரவரியிலும் வந்தன. மார்ச்சோடு நின்றுவிட்டன.

தாய்லாந்து கட்டுப்பாடுகளை எல்லாம் எடுத்த பிறகு, அந்த வருடக் கடைசியில்தான் விசாரிப்புகள் திரும்ப வந்தன. முதலில் போனது டொக்டர் சேஷாத்ரியும் அவருடைய மனைவி ராஜியும். சென்னைக்காரர்கள், ஹாரோவில் முப்பது வருடமாக இருக்கிறார்கள். பிம்மின் வீட்டில் இரண்டு தடவை தங்கியவர்கள். இம்முறை பெர்னடெற் அவர்களுக்கு வேறொரு ஹோட்டலைப் போட்டுக்கொடுத்தாள். பிம்மின் இடம் மூடியாயிற்று என்று மட்டும் சொன்னாள். அது உண்மையா என்று அவளுக்கே தெரியாது. இணையத்தில் பெயரைத் தேடிப் பார்த்து, அறை கிடைக்கவில்லை என்று கண்டதோடு சரி.

அவர்கள் திரும்பி வந்து, பெப்ரவரி மாதம் ஒரு ஞாயிறு பின்னேரம் வெம்பிளிக்கு வந்தார்கள். ராஜியின் கையில் ஒரு பை. உள்ளே முந்திரிப்பருப்பும் காய்ந்த மாம்பழத் துண்டும். கணேசலிங்கம் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனார்.

“பிம்மைப் பார்த்தோம்,” என்றார் டொக்டர். “இதெல்லாம் அவதான் உங்களுக்குக் குடுத்தனுப்பினா.”

ஒரு காலை நடக்கப் போனவர்கள் பழைய வீட்டைப் பார்க்க அந்தத் தெருவுக்குப் போயிருக்கிறார்கள். வாசலில் வேறு பெயர்ப்பலகை. பக்கத்துக் கடைக்காரி சந்தைக்கு வழி காட்டியிருக்கிறாள். அங்கே பிம் இன்னொருத்தியுடைய சோற்றுக்கடையில் அடுப்படியில் நின்றாள். ராஜியைக் கண்டதும் அழுதுவிட்டு, பிறகு தாச்சியை மூன்று தரம் கழுவி அவர்களுக்கு மரக்கறிச் சோறு பொரித்துக் கொடுத்திருக்கிறாள். கடன் கட்ட முடியாமல் போய் வீட்டை வங்கி எடுத்துக்கொண்டது. விற்கச் சொன்னபோது விற்கவில்லை என்று அண்ணன் அவளோடு பேசுவதில்லை.

இதையெல்லாம் டொக்டர் ஒரு நோயாளியின் வரலாற்றைச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். பெர்னடெற் மாம்பழப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“உங்க மேல அவளுக்குக் கோபமே இல்லை,” என்றாள் ராஜி. “கவலைதான். நாற்பது பேர் வர்றதா இருந்துதாமே? அவங்களுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு நெனச்சிருக்கா. லண்டன்ல அவ்வளவு பேர் போறாங்கன்னு டிவியில பார்த்திருக்கா. அதனாலதான் உங்களால பதில் போட முடியலைன்னு... அவங்க பேர்ல கோயில்ல பிக்குகளுக்குச் சாப்பாடு குடுத்தாளாம். பேர் தெரியாததால, லண்டன்காரங்க நாற்பது பேர்னு சொல்லிக் குடுத்தாளாம்.”

ராஜி குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

“யாராவது போயிட்டாங்களா, பெர்னடெற்?”

பெர்னடெற் ஓம் என்று தலையாட்டினாள்.

அவள் அதை யோசித்துச் செய்யவில்லை. கழுத்து தானாக ஆடியது. ராஜி எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாசற்படியில் தேத்தண்ணித் தட்டோடு நின்ற கணேசலிங்கம் மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விருந்தாளிகள் போன பிறகு அவர் கோப்பைகளைக் கழுவினார். ஒவ்வொன்றாகத் துடைத்து மேலே வைத்தார். பிறகு வந்து எதிரே உட்கார்ந்தார்.

“நாப்பது பேர் எண்டு நீர் சொன்னது அண்டைக்கு வெளியிலை நிண்ட எனக்குக் கேட்டது,” என்றார். “நாடு திறந்தா எல்லாம் சரியாப் போயிடும் எண்டு பேசாமல் இருந்திட்டன். அது என்ரை பிழை. ஆனா இண்டைக்கு நீர் தலையாட்டினது கூடாது. செத்த ஆக்களுக்குப் பின்னாலை போய் ஒளிக்கக் கூடாது.”

“இப்ப என்னத்தைச் சொல்லுறது? ஒண்டரை வருசமாப் போச்சு.”

“உள்ளதைச் சொல்லும்.”

அந்த வருடங்களில் அவருடைய பஸ் நிலையத்திலிருந்து மூன்று பேர் போயிருந்தார்கள். மூன்று செத்தவீட்டுக்கும் அவரால் போக முடியவில்லை. கணினித் திரையில்தான் பார்த்தார். பெர்னடெற்றுக்கு அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவளால் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க ஏலவில்லை.

அடுத்த நாள் அவள் ராஜிக்குத் தொலைபேசி எடுத்தாள். நாற்பது பேர் என்று யாரும் இருக்கவில்லை, யாரும் சாகவில்லை, நேற்றுத் தலையாட்டியதும் பொய் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். ராஜி, “நான் உங்க கையைப் பிடிச்சுண்டு உட்கார்ந்திருந்தேனே,” என்றாள். வேறொன்றும் சொல்லாமல் வைத்துவிட்டாள்.

பிம்மை அழைக்க மேலும் மூன்று நாள் எடுத்தது. வியாழக்கிழமை காலை, வேலைக்குப் புறப்பட ஆயத்தமாகி, கடைச் சட்டையோடே குசினி மேசையில் உட்கார்ந்து அழைத்தாள். பிம் ஒரு கையில் அகப்பையோடு திரையில் வந்தாள். சிரித்தாள். பின்னால் எண்ணெய் பொரிகிற சத்தம்.

பெர்னடெற் முதலில் தான் போட்டிருந்த சட்டையைக் காட்டினாள். அலுவலகம் போய் இரண்டரை வருடம், தான் கடையில் சாமான் அடுக்குகிறவள், அன்றைக்குப் பேசியபோதும் அதுதான் தன் வேலை என்றாள். பிம்முக்கு அது ஏன் சொல்லப்படுகிறது என்று விளங்கவில்லை. வேலை என்றால் வேலைதானே என்றாள். பிறகு பெர்னடெற் மற்றதைச் சொன்னாள். தாய்லாந்து மொழியிலும் ஒரு தரம் சொன்னாள், தவறாக விளங்கிக்கொள்ள இடமிருக்கக் கூடாது என்று.

“நாற்பது இல்லையா? அப்போது எத்தனை பேர்?”

“ஒருவரும் இல்லை.”

பிம் திரும்பி அடுப்பை அணைத்தாள். சத்தம் அடங்கியது.

“ஒருவரும் சாகவில்லையா?”

“இல்லை.”

“அது நல்லது,” என்றாள் பிம். உண்மையாகவே அவள் முகம் ஒரு கணம் இளகியது. பிறகு மெல்ல மெல்ல வேறாகியது. “சிஸ்டர், இதுவரைக்கும் எனக்குக் கோபம் இருக்கவில்லை. கொரோனாமீது யார் கோபப்படுவது? இப்போது கோபமாக இருக்கிறது. எனக்கு இனி எடுக்க வேண்டாம்.”

திரை இருண்டது. பெர்னடெற் எழுந்து பஸ்ஸுக்குப் போனாள். அன்றைக்கு ஒன்பது மணி நேரம் பால் போத்தல் அடுக்கினாள்.

அந்தக் கிழமை அவள் வட்ஸ்அப் குழுவிலும் எழுதினாள். தனக்கு அலுவலகம் இல்லை என்பதையும், எங்கே வேலை செய்கிறாள் என்பதையும், பிம்முக்குச் செய்ததையும் எழுதினாள். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தாள். பெரும்பாலோர் திட்டவில்லை. தொழிலில் இதெல்லாம் வழக்கம்தானே என்றார்கள். கொரோனா யாரைத்தான் விட்டது என்றார்கள். சட்டனிலிருந்து ஒருவர், அந்தத் தாய்லாந்துக்காரி தன் புத்தியைப் பாவித்திருக்க வேண்டும் என்று எழுதினார். அவர்கள் அவ்வளவு சுலபமாக அவளைக் கழுவிவிட்டது பிம்முடைய கோபத்தைவிட அவளைச் சுட்டது. மாதக்கணக்கில், யாராவது தாய்லாந்து என்று சொன்னாலே அவளுக்குக் காது சிவந்துவிடும். ஈலிங் ரோட்டில் மரக்கறி வாங்கப் போனாலும், வருகிறவர்கள் முகத்தைப் பார்க்காமல் மறுபக்கத்து நடைபாதைக்கு மாறிவிடுவாள்.

ராஜி ஏழு மாதம் கழித்துத்தான் பேசினாள். அதற்குள் அவளுக்கும் பிம்முக்கும் நேரடியாகப் பழக்கம் ஏற்பட்டிருந்தது. பிம் சந்தைக்குப் பக்கத்தில் சொந்தமாக ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை போட்டிருக்கிறாள், சைவக் குழுக்கள் வந்தால் காலைச் சாப்பாட்டிலிருந்து இரவுச் சாப்பாடு வரை சமைத்துத் தருவாள் என்றாள். பெர்னடெற் அதைத் தன் வாடிக்கையாளர்களுக்குச் சொன்னாள். போகிறவர்கள் ராஜி மூலம் பிம்மோடு பேசிக்கொண்டார்கள். பெர்னடெற் நடுவில் வரவில்லை. வர அவளுக்கு முகமில்லை.

சூப்பர் மார்க்கெட் வேலையை அவள் விடவில்லை. கிழமையில் நாலு நாள் அங்கே, மற்ற நாள் குசினி மேசையில் டிக்கெட் வேலை. வெம்பிளிக் கடையிலேயே இடம் கேட்டு மாற்றிக்கொண்டாள். தெரிந்தவர்கள் வந்தால் வெட்கமாகத்தான் இருக்கும். ஆனாலும் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடாமல் நின்று, என்ன தேடுகிறார்கள் என்று கேட்பாள்.

போன வருடம் நவம்பரில் பதினாறு பேர் கொண்ட குழு ஒன்று புக்கெட்டுக்குப் போக ஆயத்தமானது. ராஜிக்கு அப்போது கண் சத்திரசிகிச்சை. வேறு வழியில்லாமல் பெர்னடெற்றே பிம்முக்கு எழுதினாள். பதினாறு பேர், எட்டு நாள், பதினொருவர் சைவம். ‘சிஸ்டர்’ என்று பதில் வருமோ என்று ஒரு சின்ன ஆசை இருந்தது. இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. வணக்கமும் இல்லை, பெயரும் இல்லை.

‘பதினாறு பேருடைய பாஸ்போர்ட் பிரதி வேண்டும். விமான டிக்கெட்டும் வேண்டும். பார்த்த பிறகு சொல்கிறேன்.’

சமைக்கிறவள் எந்த ஊரிலும் பாஸ்போர்ட் கேட்பதில்லை. பெர்னடெற் அதைக் கணேசலிங்கத்திடம் காட்டினாள். அவர் வாசித்துவிட்டு, “நியாயந்தானே,” என்றார்.

“ஓம்,” என்றாள்.

அந்தச் சனிக்கிழமை அவள் சவுத்தாலில் தொடங்கி ஹாரோ வரை வீடு வீடாகப் போனாள். ஒவ்வொரு பாஸ்போர்ட்டையும் சன்னல் வெளிச்சத்தில் வைத்து, பெயர் தெளிவாகத் தெரிகிறதா என்று இரண்டு தரம் பார்த்துப் படம் எடுத்தாள். சமையல்காரிக்கு எதற்கு இதெல்லாம் என்று ஒருவர் சினந்தார். முன்பொருமுறை வராத ஆட்களின் எண்ணிக்கையைத் தான் அவளுக்குக் கொடுத்ததாக அவர் வீட்டு வாசலில் நின்றே சொன்னாள். அவர் உள்ளே போய் எடுத்துக்கொண்டு வந்தார்.

பின்னேரத்துக்குள் பதினைந்து சேர்ந்தன. பதினாறாவது ஆள் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தார், இன்னும் கைக்கு வரவில்லை. கட்டாயம் வந்துவிடும், பதினாறு என்றே போடச் சொன்னார். பெர்னடெற் பஸ் தரிப்பில் நின்று பிரதிகளை அனுப்பினாள். கீழே, பதினைந்து பேர் என்று எழுதினாள்.